சாக்லெட் பிடித்த பெண்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

1962இல் பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் 'டேஸ் ஆஃப் ஒயின் அண்ட் ரோசஸ்'. சான் பிரான்சிஸ்கோவில் குடியால் சீரழியும் ஒரு தம்பதியின் கதை. கணவன் ஜோவாக ஜாக் லெமன், மனைவி கிர்ஸ்டனாக லீ ரெமிக். நடிப்பில் விஞ்சி நிற்பவர் யார் என்பது தலைப்பு. லீ ரெமிக்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் லெமனுக்காகப் பேசிய நண்பர், ஜோவின் மாமனார் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில் காட்சியை விட்டு வெளியே வரவே இல்லை. ஒளித்து வைத்த ஒரு பாட்டில், அது எந்தத் தொட்டியில் என்று மறந்துபோகிறது. மாமனாருக்குச் சோறு போடும் செடிகளையே ஜோ ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிகிறான், சேற்றில் புரளுகிறான். பெரிய நடிப்புதான், யார் மறுத்தார்கள்? 'சம் லைக் இட் ஹாட்'டில் நம்மைச் சிரிக்க வைத்த மனிதரா இவர் என்று நானும் வாய்பிளந்தேன். ஆனால் அங்கே நடிகருக்கு எத்தனை துணை! உடைக்கத் தொட்டி, புரளச் சேறு, போதாததற்கு அலறல். ரெமிக்குக்கு இருப்பது ஒரு முகம்தான்.

அந்த முகத்தைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். கிர்ஸ்டன் குடிக்காதவள். சாக்லெட் என்றால் உயிர். அதைத் தெரிந்துகொண்ட ஜோ அவளுக்கு பிராந்தி அலெக்சாண்டர் வாங்கித் தருகிறான். பிராந்தியோடு கொக்கோ மதுவும் கிரீமும் கலந்த பானம். அவள் ஒரு வாய் குடிக்கிறாள். தின்பண்டத்தைக் கண்ட குழந்தையின் மகிழ்ச்சி முகத்தில். முதல் முறை பார்க்கும்போது நாமும் சிரித்துவிடுகிறோம். இரண்டாம் முறை பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் குழந்தை பிறக்கிறது. பால் கொடுக்கிற தாய், குடிக்காமல் இருக்கிறாள். போதையில் வரும் கணவன், நீ முன்புபோல் இல்லையே என்று சண்டை பிடிக்கிறான். அவனைத் தனியே விட மனமில்லாமல் கிளாஸை எடுக்கிறாள். பிறகொரு நாள், அவன் வெளியூர் போன சமயத்தில், அவளுடைய போதையால் வீடே தீப்பற்றிக்கொள்கிறது. எந்த இடத்தில் அவள் குடிநோயாளி ஆனாள்? விரல் வைத்துக் காட்ட முடியுமா உங்களால்? முடியாது. அந்த அளவுக்கு மெல்ல மெல்ல நகர்த்தியிருக்கிறார் ரெமிக்.

லெமன் பிற்காலத்தில் தாமே ஒரு குடிநோயாளி என்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால்தான் ஜோவில் அத்தனை உண்மை என்றார் நண்பர். சொன்னது லெமனுடைய நேர்மை. நடிப்புக்கு மதிப்பெண் போடும்போது அதை எதற்கு இழுக்கிறீர்கள்? ஆஸ்கரையும் இழுக்க வேண்டாம். இருவருமே பரிந்துரையில் இருந்தார்கள். வேறு படங்களில் நடித்த கிரிகரி பெக்கும் ஆன் பேன்கிராஃப்ட்டும் தட்டிக்கொண்டு போனார்கள். இந்தப் படத்துக்குக் கிடைத்தது ஹென்றி மான்சினியின் பாட்டுக்கான விருதுதான்.

சரி, கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஜோ, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் கூட்டங்களுக்குப் போய்த் தேறிவிட்டான். மகளோடு ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். ஒரு ராத்திரி கிர்ஸ்டன் வருகிறாள். இரண்டு நாள் குடிக்காமல் இருந்து, அந்த பலத்தில் வந்திருக்கிறாள். திரும்பி வரட்டுமா என்கிறாள். ஆனால் இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. குடிக்காதபோது எல்லாமே அழுக்காகத் தெரிகிறதாம். அழவில்லை, கெஞ்சவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் நின்று, ஏதோ பருவநிலை பேசுவதுபோலச் சொல்கிறார் ரெமிக். தனக்கு நோய் என்றே ஒப்புக்கொள்ளாத ஒருத்தியை இதைவிட எப்படி நடிப்பது? திருந்துகிறவன் வேடத்துக்கு நம் அனுதாபம் தானாக வந்து சேரும். திருந்தாதவளாக நின்று அதை வாங்குவதுதான் கஷ்டம்.

அவள் படியிறங்கித் தெருவில் நடக்கிறாள். ஜோ பின்னால் ஓடவில்லை. அம்மாவுக்குச் சரியாகுமா என்று மகள் கேட்கிறாள். அவன் நிற்கும் ஜன்னல் கண்ணாடியில், எதிரே இருக்கும் மதுக்கூடத்தின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. உட்கார்ந்துவிட்டேன்.