மிளகாய் நறுக்கிய கை ஏன் காந்துகிறது?

[காட்சி: அரிவாள்மனை, பச்சை மிளகாய், விரல்கள்]

பத்து மிளகாய் நறுக்கிவிட்டுக் கையைக் கழுவுகிறீர்கள். அரை மணி நேரம் ஆகியும் விரல் காந்துகிறது. மற்றக் கையால் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. பிறகு எதற்கு இந்த எரிச்சல்?

[காட்சி: தோலின் குறுக்குவெட்டு]

தோலில் உறையில்லாமல் முடியும் நரம்பு நுனிகள் உண்டு. அவற்றின் சவ்வில் டிஆர்பிவி1 என்ற புரதம் மதகு போல உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மதகு திறக்கும், கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் ஒட்டிக்கொள்வதும் இதே மதகில்தான். ஒட்டிவிட்டால் உடம்புச் சூடே அதைத் திறக்கப் போதும். நெருப்பா மிளகாயா என்று பிரித்துச் சொல்ல அந்த நரம்புக்குத் தெரியாது. 'சுடுகிறது' என்று மட்டும் சொல்லும்.

1997-ல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் குழு. அழுத்தத்தை உணரும் பியசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் மதகில் கேப்சைசின் வேலை செய்யாது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கூசாமல் கொத்துவது அதனால்தான்.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள், பிறகு சோப்பு. வெந்நீர் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே இளகி நிற்கும் மதகை அது இன்னும் திறக்கும். வாய் எரிந்தால் பால் அல்லது தயிர். புதினாவின் மெந்தால் இதற்கு நேர் எதிர்: டிஆர்பிஎம்8 என்ற குளிர் மதகைத் திறக்கிறது, அவ்வளவுதான்.

[காட்சி: தணலை மிதிக்கும் கால், மெதுவாக ஓடும் படம்]

வலி இரண்டு தவணையாக வரும். 'சுள்' என்பது மெல்லிய உறை போர்த்த நரம்பில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பின்னால் வரும் காந்தல், உறையில்லாத நரம்பில் 0.5 முதல் 2 மீட்டர் வேகத்தில் ஊர்கிறது. பாதத்திலிருந்து வந்து சேர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதற்குள் தண்டுவடமே காலைத் தூக்கிவிட்டிருக்கும்.

[காட்சி: பாதம், நைலான் இழை]

சர்க்கரை நோயில் பெரும்பாலும் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடுகின்றன, அதாவது பாதம். மதமதப்பு வரும், செருப்பு கழன்றதே தெரியாது. குழப்பம் என்னவென்றால், அதே பாதம் இரவில் எரியவும் செய்யும். கெட்ட நரம்பு, சூடு படும்போது பேசாமல் இருந்துவிட்டு, எதுவும் படாதபோது கத்துகிறது. இந்த எரிச்சலுக்கு மருத்துவர்கள் கேப்சைசின் களிம்பே தருவதுண்டு: தொடர்ந்து தடவினால் நரம்பு நுனி களைத்து அடங்கிவிடும்.

பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்க, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் செங்குத்தாக வைத்து, வளையும்வரை ஒரு நொடி அழுத்துவார்கள். கண் மூடியிருக்க வேண்டும். இழையைத் தோலில் இழுத்தாலோ, காய்ப்பின் மேல் வைத்தாலோ முடிவு தப்பு. ஒவ்வொரு முறையும் 'தெரிகிறதா?' என்று கேட்பதும் தப்புதான். கேள்வியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உணர்வு குறைந்த பாதத்தை வாளித் தண்ணீரில் வைத்துச் சூடு பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள், கையும் மரத்திருந்தால் வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெப்பமானி இருந்தால், 37 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.