முதல் சுற்றிலேயே தோற்ற அணி கோப்பையைத் தூக்கியது எப்படி? கனடா ஜூனியர் ஐஸ் ஹாக்கியின் விநோத சீசன்

[திரையில்: பனித்தளம், கோப்பையைத் தூக்கிச் சுற்றி வரும் வீரர்கள்]

2022 மே மாதம். செயின்ட் ஜான் சீ டாக்ஸ் என்கிற ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே ரிமூஸ்கி அணியிடம் தோற்று வெளியேறுகிறது. கோச்சின் வேலை போகிறது. ஜூன் கடைசியில் பார்த்தால், அதே அணி கனடா ஜூனியர் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான மெமோரியல் கோப்பையோடு நிற்கிறது. அவர்களைத் தோற்கடித்த ரிமூஸ்கிக்கு அந்தப் போட்டியில் இடமே இல்லை!

தில்லுமுல்லு எதுவும் கிடையாது. எல்லாம் விதிப்படிதான். அது என்ன விதி என்று சொல்வதற்கு முன்னால், இந்த சீசன் எப்படி ஓடுகிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம்.

கனடியன் ஹாக்கி லீக் என்பது மூன்று லீக்குகளின் கூட்டு. ஒன்டாரியோவுக்கு ஒன்று, மேற்கு மாகாணங்களுக்கு ஒன்று, கியூபெக்குக்கும் கிழக்குக் கடலோர மாகாணங்களுக்கும் சேர்த்து ஒன்று. சில அணிகள் எல்லை தாண்டி அமெரிக்காவிலும் இருக்கின்றன. மொத்தம் 60 அணிகளுக்கு மேல். பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள். செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை, ஒன்டாரியோவிலும் மேற்கிலும் ஓர் அணிக்கு 68 ஆட்டங்கள். அப்புறம் பிளேஆஃப். பாடம் முடிந்தது, யாரும் தூங்கவில்லையே?

இப்போது அந்த வயதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீசை அரும்பாத 16 வயதுப் பையன் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) துரத்திக்கொண்டு மூலைக்குப் போகிறான். எதிரே முழுத் தாடியோடு 20 வயது ஆள் மோத வருகிறான். இரண்டு பேரும் ஒரே லீக்! அதனால்தான் 20 வயதுக்காரர்கள் ஓர் அணிக்கு மூன்று பேர் மட்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 15 வயதில் முழு சீசன் ஆட வேண்டுமென்றால் சிறப்பு அனுமதி தேவை. 2005இல் அதை முதலில் வாங்கியவர் ஜான் டவாரஸ். மேற்கு லீக்கில் முதல் ஆள் கானர் பெடார்ட். 2022-23இல் ரெஜைனா பேட்ஸ் அணிக்காக 57 ஆட்டங்களில் 71 கோல் அடித்தார். தட்டச்சுப் பிழை இல்லை, 71 தான்.

இந்தப் பையன்களில் பலர் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய் ஆடுகிறார்கள். அங்கே ஒரு குடும்பம் அவர்களைத் தன் வீட்டில் தங்க வைத்துக்கொள்ளும். இதற்கு பில்லெட் குடும்பம் என்று பெயர். காலையில் பள்ளிக்கூடம், பிற்பகலில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். நடுவே விடிய விடிய பஸ் பயணம். அந்தப் பயணம் எப்போதும் சுகமாக முடிவதில்லை. 1986 டிசம்பர் 30 அன்று ஸ்விஃப்ட் கரண்ட் பிரான்கோஸ் அணியின் பஸ் பனி படர்ந்த சாலையில் விபத்துக்குள்ளாகி நான்கு வீரர்கள் இறந்தார்கள். 1989இல் அதே அணி மெமோரியல் கோப்பையை வென்றது, அதுவும் ஓவர்டைமில்.

[திரையில்: கூட்டத்திலிருந்து பறந்து வரும் டெடி பொம்மைகள்]

சரி, இந்த சீசனிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். டெடி பொம்மை வீசும் இரவு!

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. ரசிகர்கள் ஆளுக்கொரு டெடி பொம்மையோடு அரங்கத்துக்கு வருகிறார்கள். சிலர் மூட்டையாகவே கட்டிக்கொண்டு வருகிறார்கள். உருகிய பனியில் பொம்மை நனைந்துவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் பையில் போட்டு வேறு கொண்டுவரச் சொல்வார்கள். உள்ளூர் அணி முதல் கோல் அடித்த அந்த நொடியில் எல்லாரும் பொம்மைகளை ஒன்றாக வீச வேண்டும். கரடி மழை! பனித்தளம் தெரியாது, வீரர்களின் முழங்கால் வரை பொம்மை. சிலர் அதிலேயே குதித்துப் புரள்வார்கள். தள்ளுவண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளுவதற்குள் அரை மணி நேரம் கூட ஆகலாம். பொம்மைகள் மருத்துவமனைகளுக்கும் உதவி அமைப்புகளுக்கும் போய்ச் சேரும்.

இதைத் தொடங்கியது கம்லூப்ஸ் பிளேசர்ஸ் அணி, 1993 டிசம்பர் 5 அன்று. அந்த முதல் கோலை அடித்தவர் பிராட் லூகோவிச், பிற்பாடு வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஹாக்கி லீக்கான என்எச்எல் வரை போனவர். 2015இல் கால்கரி ஹிட்மென் ரசிகர்கள் ஒரே இரவில் வீசிய பொம்மைகள் 28,815.

என் கவலையெல்லாம் எதிரணி கோல்கீப்பரைப் பற்றித்தான். 17, 18 வயதுப் பையன். அவன் ஒரு ஷாட்டைத் தடுத்தால் ஆயிரக்கணக்கானவர்கள் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டுகிறார்கள். குழந்தைகளின் கரடி மழைக்குக் குறுக்கே நிற்கும் வில்லன் அவன். ஆட்டம் முழுக்க ஒரு கோல் கூட விடவில்லை என்று வையுங்கள், அது அவனுக்குச் சாதனை. அரங்கத்துக்குத் துக்க வீடு. நீங்கள் அந்த கோல்கீப்பராக இருந்தால் ஒன்றை விட்டுக்கொடுப்பீர்களா? கமெண்டில் நேர்மையாகச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அந்த இனிப்பு போய்விடும். ஜனவரியில் டிரேட் கெடு. பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் ஒரு பையனைக் கூப்பிட்டு, "உன்னை வேறு அணிக்கு மாற்றிவிட்டோம்" என்பார்கள். புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், புது பில்லெட் குடும்பம். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனால் நாம் தேடும் பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

மெமோரியல் கோப்பை 1919இல் முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாகத் தொடங்கியது. இறுதிக் கட்டத்துக்கு வருவது நான்கு அணிகள். மூன்று லீக் சாம்பியன்கள், கூடவே போட்டியை நடத்தும் ஊரின் அணி. பந்தி யார் வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுக்காரருக்கு ஓர் இலை உறுதி! காரணம் எளிது. சொந்த அணி ஆடாவிட்டால் உள்ளூரில் டிக்கெட் யார் வாங்குவார்கள்?

இடம் உறுதி என்று தெரிந்த அணி என்ன செய்யும்? வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகளை, அதாவது புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை, மற்ற அணிகளுக்கு அள்ளிக் கொடுத்து, இப்போதே நன்றாக ஆடும் பெரிய பையன்களை டிரேடில் வாங்கிக் குவிக்கும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அணி பாதாளத்துக்குப் போனாலும் பரவாயில்லை.

விதி வந்த 1983லேயே இந்தக் கூத்து ஆரம்பம். போட்டியை நடத்திய போர்ட்லண்ட் வின்டர் ஹாக்ஸ் தன் லீக் இறுதியில் தோற்றிருந்தது, ஆனால் கோப்பை அவர்களுக்குத்தான். 2017இல் விண்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் முதல் சுற்றில் வெளியேறி, 44 நாள் ஆட்டமே இல்லாமல் இருந்து, பிறகு வந்து நான்கு ஆட்டங்களையும் ஜெயித்தது.

நம்ம செயின்ட் ஜான்? 2022இல் போட்டியை நடத்தியது அவர்கள் ஊர்தான். கோச்சை அனுப்பிய பிறகு நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழக அணியின் கோச் கார்டினர் மக்டூகலைத் தற்காலிகமாகக் கூட்டி வந்தார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் வெறும் பயிற்சி. மற்ற மூன்று அணிகளும் பிளேஆஃப் முழுக்க அடிபட்டு, களைத்து வந்து சேர்ந்தன. இவர்கள் புதுசாக நின்றார்கள். இறுதியில் ஹாமில்டன் புல்டாக்ஸை 6-3 என்று முடித்தார்கள். அந்த சீசனில் 56 கோல் அடித்திருந்த வில்லியம் டுஃபோர்தான் போட்டியின் சிறந்த வீரர்.

இது நியாயமா என்று கேட்டால், செயின்ட் ஜான் ஆடும் அதே கியூபெக் லீக்கை வென்றுவிட்டு வந்த ஷாவினிகன் அணிக்கு நிச்சயம் எரிந்திருக்கும். ஆனால் இந்த விதியை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. முதல் சுற்றில் அழுத பையன்களுக்கு அதே சீசனில் இன்னொரு கதவு திறக்கிற விளையாட்டு வேறு எங்கே இருக்கிறது?

இனிமேல் இந்த லீக்கின் கணக்கே மாறலாம். இங்கே ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி முன்பு சேர்த்துக்கொள்ளாது. 2025 ஆகஸ்டிலிருந்து அந்தக் கதவும் திறந்துவிட்டது. மெடிசின் ஹாட் டைகர்ஸின் நட்சத்திரம் கவின் மெக்கென்னா உடனே அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அதைப் பற்றித் தனி வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் 'கல்லூரி' என்று போடுங்கள். சப்ஸ்கிரைப் பட்டனையும் ஒரு தட்டு தட்டிவிடுங்கள், பொம்மையெல்லாம் வீச வேண்டாம்.