முள் இல்லாத உறுத்தல்

நேயர்களுக்கு வணக்கம். இந்தக் கரையில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருப்பவருக்கு, தொண்டையில் சிக்கிய மீன் முள் எடுப்பதே பாதிப் பிழைப்பு. சோற்று உருண்டை, வாழைப்பழம் எல்லாம் விழுங்கிப் பார்த்த பிறகே நம்மிடம் வருவார்கள். தயவுசெய்து விழுங்காதீர்கள், முள் இன்னும் ஆழமாக இறங்கும். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் தொடங்குவதில்லை.

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா வந்தார். “முரல் மீன் முள்ளு டாக்டரய்யா, ஒரு மாசமா உறுத்துது.” விளக்கடித்துப் பார்த்தேன். முள் இல்லை. டான்சிலில் வட்டமாக, விளிம்பு வெட்டினாற்போல் ஒரு புண். சோதனைக்குச் சதைத் துண்டு எடுக்கணும் என்றதும் மகன் மறித்தார்: “கத்தி பட்டா பரவிரும்யா.” பரவாது தம்பி என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

முதல் துண்டில் செத்த சதைதான் வந்தது. “அப்ப ஒண்ணுமில்லையே” என்று கிளம்பப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்பது வேறு, ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு. மறுபடி விளிம்பில் ஆழமாக எடுத்தோம். நிணநீர்க் கணுக்களில் வரும் ஹாட்ஜ்கின் புற்றுநோய் போலவே கண்ணை ஏமாற்றும் அணுக்கள். அணுக்களுக்குள் வைரஸின் தடயம் தேடும் ஈபர் சோதனையில், அவற்றுக்குள் எப்ஸ்டைன்-பார் வைரஸ்.

1964-ல் கண்டறிந்த வைரஸ் அது. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், உங்களுக்கும் எனக்கும்கூட, எச்சில் வழியாக வந்து வெள்ளணுவுக்குள் படுத்திருக்கும். உடம்பின் காவல் தளர்ந்தால் அந்த அணுக்கள் பெருகும். இப்படி வரும் புண்ணைத் தனி நோயாக விவரித்ததே 2010-ல்தான்.

அக்காவுக்குக் காவல் ஏன் தளர்ந்தது? “மாத்திரை சாப்பிடுறீங்களா?” “இல்லைய்யா.” மறுபடி கேட்டேன். “மூட்டுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போடுறது இருக்கு. அதையுமா சொல்லணும்?”

மெத்தோட்ரெக்சேட்! முடக்குவாதத்துக்கு நல்ல மருந்து; எதிர்ப்பு சக்தியைத் தணித்துத்தான் மூட்டைக் காக்கிறது. மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டை அத்தனையும் பையில் இருக்கட்டும், வாரம் ஒன்று போடுவதும்.

வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, மூட்டு மருத்துவரிடம் பேசி அதை நிறுத்தினோம். சில வாரங்களில் புண் ஆறியது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாயிற்று என்று கை காட்டுகிறார்கள். அவசரமாக: எல்லாருக்கும் இப்படித் தானாக ஆறாது, சிலருக்கு அந்த வெள்ளணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமேப் ஊசி தேவைப்படும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் இது வரலாம். அவர்களுக்கு எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் மருந்தைக் குறைப்பதில் கணக்கே வேறு, அதை இன்னொரு நாள் பேசுவோம். மூன்று வாரம் ஆறாத தொண்டைப் புண், கழுத்தில் கட்டி, இரண்டையும் முள் என்று விடாமல் காட்டுங்கள். வணக்கம்.