யோசிப்பதையும் அதனிடமே விட்டுவிட்டால்?

நடுவர் அவர்களே, வணக்கம். செயற்கை நுண்ணறிவு நம் மூளையைக் கூர்மையாக்குகிறதா, மழுங்கடிக்கிறதா என்ற தலைப்பில் மழுங்கடிக்கிறது என்று அடித்துப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தானே பயந்தீர்கள், என்ன குடிமுழுகிப் போனது என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கிவிட்டார். தம்பி, கால்குலேட்டர் கூட்டித்தான் கொடுத்தது. எதைக் கூட்டணும், ஏன் கூட்டணும் என்பதெல்லாம் அப்போதும் நம் தலைவலிதான். இப்போது அந்தத் தலைவலியையும் அல்லவா தூக்கிக் கொடுத்துவிட்டோம்!

துருக்கியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய ஆயிரம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. கணக்குப் பயிற்சி செய்யும்போது ஒரு பிரிவுக்கு, கேட்டால் பதில் எழுதித் தரும் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவைக் கொடுத்தார்கள். பயிற்சியில் மதிப்பெண் 48 சதவீதம் எகிறியது. சரி, அப்புறம் அதை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தார்கள் பாருங்கள், அதைத் தொடவே தொடாத பிள்ளைகளைவிட இவர்கள் 17 சதவீதம் குறைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அந்தப் பிள்ளைகளுக்கு உறைக்கவில்லை. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றிக் கொடுத்த இன்னொரு பிரிவுக்கு அந்தச் சரிவு இல்லை. எதிரணி இதைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், ராத்திரி பத்து மணிக்கு வீட்டுப்பாடம் செய்கிற எந்தப் பிள்ளை "குறிப்பு மட்டும் போதும்" என்று கேட்கிறது?

பிள்ளைகள் அப்படித்தான், பெரியவர்கள் ஏமாற மாட்டார்கள் என்பீர்கள். போலந்தில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பரிசோதிக்கும் மருத்துவர்கள், ஒவ்வொருவரும் 2,000 பரிசோதனைக்கு மேல் கண்ட கைகள். கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வந்து பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டியைக் கண்டுபிடித்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியதாக 2025-இல் ஆய்வு வெளியானது. ஒரே ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பரிசோதனை மேசையில் படுத்திருப்பது நாம் ஆயிற்றே!

கருவிதான் எப்போதும் கையில் இருக்குமே, அதை ஏன் பிடுங்கணும் என்று அடுத்துப் பேசுபவர் கேட்கலாம். ஐயா, அந்தத் துருக்கிக் கணக்குகளில் ஜிபிடி-4 சொன்ன விடைகளில் பாதிக்குப் பக்கம் தப்பு. அதைத் தப்பு என்று கண்டுபிடிக்கப் போவது யார்? எதிரணி பதில் சொல்லட்டும். நடுவர் அவர்களே, அதற்கு முன்னால் அவர்கள் கைப்பேசியை மட்டும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.