தச்சரின் நினைவு நிற்பது பட்டறையில்தான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சிறிய ஊர்த் தொழிலாளி ஒருவரின் நினைவு அதிகம் நிலைப்பது வீட்டிலா, தொழிலிலா? இதுதான் தலைப்பு. வாடிக்கையாளர் மறந்துவிடுவார், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்று எதிரணி அம்மா அழகாகப் பேசினார். நானும் கை தட்டினேன். ஆனால் பிள்ளைகளுக்கு அப்பாவில் எந்தப் பாதி தெரியும் என்று அவர் சொல்லவே இல்லையே!

ஒரு தச்சரை எடுத்துக்கொள்வோம். இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறார். இடுப்பு வலி, தலையெல்லாம் மரத்தூள். எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில். பொறுமையெல்லாம் பகலிலேயே பட்டறையில் செலவாகிவிட்டது. பிள்ளைகள் பார்த்தது மிச்சத்தைத்தான்.

எதில் செலவானது? அவர் செய்த கதவைப் பாருங்கள். மரம் ஈரக்காற்றில் உப்பும், வறட்சியில் சுருங்கும்; அதுவும் அகலவாக்கில்தான், நீளத்தில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் கதவுச் சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல், ஆணி அடிக்காமல் செருகியிருப்பார். காடிக்குள் ஒரு நூல் இடமும் விட்டிருப்பார். பலகை உள்ளுக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும், பிளக்காது. பணம் கொடுத்தவர் கண்ணில் அந்த இடைவெளி படவே படாது. இறுக்கி அடித்துவிட்டுக் கூலியோடு கிளம்பியிருந்தாலும் அன்றைக்கு யார் கேட்கப்போகிறார்கள்? இந்த மனிதரைப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்?

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. "என் பொண்ணு படிக்க மேசை செய்து கொடுத்தார், பாதிப் பணத்தைக் கடைசிவரை கேட்கவே இல்லை" என்று ஒருவர் சொல்ல, மகன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மாவுக்கும் அது புதுச் செய்தி. (கொஞ்சம் கோபமும் வரும், அது வேறு விஷயம்.)

ஊருக்கெல்லாம் கதவு செய்தவர் வீட்டில் தாழ்ப்பாள் ஆடியது என்று எதிரணியில் கேலி செய்தார்கள். சரி, ஆடியது. மனைவி திட்டியதும் உண்மை. ஐயா, உங்கள் குடும்பக் கதைகூடத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டுதானே வருகிறது!

அப்புறம், அவரிடம் தொழில் பழகியவன். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியைத் தள்ளும்போது தொடக்கத்தில் முன்கையில் அழுத்தம், முடிவில் பின்கையில் என்று இன்றைக்கு இன்னொரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர், இவனை எந்தக் குடும்பக் கணக்கில் சேர்ப்பார் என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். நன்றி, நடுவர் அவர்களே.