டிராஃப்டரை மாட்டிக் காட்டியது யார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், ராயபுரத்துத் தெருவில் இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். கல்லூரி வளாகத்தில் சமத்துவம் வர இட ஒதுக்கீடு மட்டுமே போதுமா, இடம் பெற்றவருக்குத் துணையும் வேண்டுமா என்பது தலைப்பு. துணையும் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "தோணியில் ஏற்றிவிட்டோம், துடுப்பையும் நாங்களே வலிக்க வேண்டுமா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். காசிமேட்டில் பிறந்தவன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிவிட்டுச் சும்மா போக முடியாது.

என் தகப்பனார் இருபத்தெட்டு ஆண்டுகள் கடலுக்குப் போனவர். முதன்முதலாகக் கடலேறும் பையனை எந்தப் படகிலும், "ஏறிவிட்டாய் அல்லவா, இனி உன் பாடு" என்று விட்டுவிட மாட்டார்கள் என்பார். ஓரத்தில் உட்காரவிடாமல் நடுவில் உட்கார வைப்பார்கள். குமட்டி வாந்தி எடுத்தால் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். வலை இறங்கும்போது கயிறு காலில் சுற்றிக்கொள்ளாமல் எங்கே கால் வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று சொல்வார். சொல்லாமல் விட்டால் வலையோடு பையனும் கடலுக்குள் போய்விடுவான். அண்ணா, இதைச் சலுகை என்று எங்கள் குப்பத்தில் யாரும் சொல்வதில்லை, தொழில் பழக்குவது என்றுதான் சொல்வோம். புதுப் பையனுக்குப் பதிலாக வேறு யாரும் துடுப்பு வலிப்பதில்லை. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இடத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் தொடங்கிய, சமூகப் பிரிவுவாரியாக இடங்களைப் பகிர்ந்து கொடுத்த வகுப்புவாரி ஆணையும், 1951-இல் கல்லூரிச் சேர்க்கையில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதே ஆண்டில் பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிரிவு அரசமைப்பின் முதல் திருத்தத்தில் வந்ததும், 1994-இல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காக்கப்பட்ட 69 விழுக்காட்டு ஒதுக்கீடும் இல்லையென்றால் நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிறுபான்மை மாணவர்களுக்குத் துணை நிற்பதற்கென்று அலுவலகமே வைத்து அரவணைத்தும், 2023-இல் ஹார்வர்டு வழக்கில் எல்லாம் நின்றுபோயிற்றே என்றார் அண்ணன். அந்த நாட்டில் இடங்களை எண்ணி ஒதுக்கக் கூடாது என்று 1978-இலேயே பாக்கி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதன்பின் சேர்க்கையில் இனத்தையும் ஒரு காரணியாகப் பார்க்கலாம் என்று மிஞ்சியிருந்ததைத்தான் 2023-இல் நிறுத்தினார்கள். அங்கே இடமே சட்டத்தில் உறுதியாக இல்லை. இங்கே இடம் உறுதியாக இருக்கிறது, துணைதான் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கலந்தாய்வில் பொறியியல் இடம் பெற்றேன். முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. இடமும் கிடைத்தது, கட்டணமும் இல்லை. அண்ணன் கணக்குப்படி எல்லாம் முடிந்தது. கூடையில் மீன் விற்ற காசில் என் அம்மா பாரிமுனையில் ஒரு மினி டிராஃப்டர், அதாவது வரைபடப் பலகையில் மாட்டிக் கோடு போடும் கருவி, வாங்கிக் கொடுத்தார். வரைபட வகுப்பில் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாமல் பலகையின் வலது கீழ் மூலையில் மாட்டினேன். அளவுகோல் தாளின் பாதிக்குக்கூட எட்டவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தேன், திருகைக் கழற்றி மறுபடி அதே மூலையில் மாட்டினேன். சுற்றிலும் பென்சில்கள் தாளில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆசிரியர் வந்து நின்றார். கல்லூரியின் பெயர் வேண்டாம். என் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தக் கோட்டா?" என்றார்.

இடது மேல் மூலை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், நடுவர் ஐயா? மூன்று சொல். அந்த மூன்று சொல்லைச் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் அவர் என் சாதியைக் கேட்டார். மூன்று வாரம் வெற்றுத் தாளைச் சுருட்டி எடுத்துப் போய், வெற்றுத் தாளாகவே வீட்டுக்குக் கொண்டு வந்தேன். படிப்பை விட்டுவிட்டுப் படகுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு மாலை, பேருந்தில் என் கையிலிருந்த சுருளைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார் வியாசர்பாடியிலிருந்து வரும் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர். மறுநாள் வகுப்பு முடிந்தபின் வந்து, "இடது பக்கம் மேல் மூலையில மாட்டுப்பா. திருகை நல்லா இறுக்கு. அளவுகோல் தாள் ஓரத்தோட ஒத்து நிக்குதான்னு பார்த்துக்கோ" என்றார். அன்று இரவு பதினொரு மணி வரை கோடு போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த அக்கா அன்று வேறு பேருந்தில் ஏறியிருந்தால் என் படிப்பு என்ன ஆகியிருக்கும்? ஒருவரின் நல்ல மனத்தை நம்பி ஒரு தலைமுறையின் படிப்பை விட்டுவைக்கலாமா? ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகாரைக் கேட்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்திருக்கிறது. அந்த அறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் எங்கள் வீடுகளில் வருமானம் நின்றுபோகும். அதையொட்டித்தான் கல்லூரிச் சேர்க்கைச் செலவும் வந்து நிற்கும். இதை அறிந்த ஒருவர் கல்லூரி அலுவலகத்தில் இருந்தால், "படகு போய் வரட்டும், பிறகு கட்டு" என்று விடுதி முன்பணத்துக்குத் தவணை கொடுப்பார். அப்படிப்பட்டவர்களையும் அந்த நாற்காலிகளில் உட்கார வையுங்கள் என்கிறோம்.

தகப்பனார் இப்போது இல்லை. அவருடைய வலை ஊசி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் என் டிராஃப்டரையும் அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றி இத்தனை ஆண்டும் வைத்திருந்தார். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளைக்கு அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தது என்று கேட்டதும், அதை எடுத்துத் துடைத்து, தானே நடந்து போய் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவு நான் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் சோற்றைப் போடாமல் கரண்டியோடு நின்று, "அதை எங்க மாட்டணும்னு அந்தப் பொண்ணுக்குப் போய்ச் சொல்லிட்டு வா, அப்புறம் சாப்பிடலாம்" என்றார்.

நன்றி, வணக்கம்.