ரப்பர் மிஷின் இன்னைக்கு போகுது

எல்லாருக்கும் வணக்கம் மக்களே, எப்படி இருக்கிய. சவுண்டு கேக்குதா? பின்னால கொக்கரிக்கது எங்க வீட்டு கோழிதான், அத ஒண்ணும் செய்ய முடியாது, அதுக்க வீடு. நான் இப்ப கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்க வீட்டுல இருக்கேன், லீவுக்கு வந்தேன், சாரல் விழுந்துட்டே இருக்கு, அதனால லைட்டு கொஞ்சம் டல்லா இருக்கும் பாத்துக்கிடுங்க.

இன்னைக்கு போடணும்னு நினைச்ச வீடியோவே வேற. பழைய ஞாபகம் வார இடம், பழைய சாமான்னு ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன். பழசுன்னாலே எல்லாரும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு கேமராவ தூக்கிட்டு போயி அந்த கறுத்த தரையையும் மணிக்கூண்டையும் காட்டுவாவ, நான் அது வேண்டாம்னு காலைலயே மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு போனேன். 1966ல கட்டினது, 100 அடிக்கு மேல உயரம், கீழ பறளியாறு ஓடுது, மேல தொட்டில ஒரு மலைல இருந்து அடுத்த மலைக்கு தண்ணி போகுது, சின்னதுல அம்மைக்க சேலைய பிடிச்சிட்டுதான் அதுல நடப்பேன். அங்க நின்னு உருக்கமா எதாவது பேசலாம்னு பாக்கேன், வாய்ல ஒண்ணுமே வரல. கைதச்சக்கைல, அதான் அன்னாசிப்பழத்துல, மொளவுபொடி போட்டு தந்தாவ, தின்னேன், ரெண்டு செல்ஃபி எடுத்தேன், வந்துட்டேன். வராதத வா வான்னா எப்படி வரும்.

வீட்டுக்கு வந்தா அப்பா சொல்லுகாரு, "எலே, மூணு மணிக்கு பழைய இரும்பு எடுக்க ஆக்கர்காரர் வாறாரு, மிஷின் புரைய ஒதுக்கணும், செத்த வந்து பிடி"ன்னு. சரின்னு வந்து கதவ தள்ளுனேன் மக்களே, அந்த ரப்பர் நாத்தம் வந்து மூஞ்சில அடிச்சது பாருங்க, அம்புட்டுதான், நான் அப்படியே வாசல்ல உக்காந்துட்டேன்.

இந்தா பாருங்க, இதுதான். ரெண்டு மிஷின். இது பிளைன், அது அச்சு. வெளியூர்க்காரங்களுக்கு இது என்னன்னே தெரியாது, கரும்பு ஜூஸ் மிஷினான்னு கேப்பாவ, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். விடியதுக்கு முன்ன நெத்தில லைட்ட கட்டிட்டு போயி ரப்பர் மரத்துக்க பட்டைய வெட்டி விடுவாவ, பால் சிரட்டைல சொட்டு சொட்டா விழும், ஒம்பது பத்து மணிக்கு வாளில எடுத்துட்டு வந்து அரிச்சு, தண்ணி சேத்து, டிஷ்ல ஊத்தி ஆசிட்டு கலக்கி வச்சா மறுநாளு தயிரு மாதிரி கட்டியா இருக்கும், அத காலால மிதிச்சு பரத்தி பிளைன்ல ரெண்டு மூணு தடவ விட்டு, கடைசில அச்சுல ஒரு தடவ விட்டா வரி வரியா டிசைன் விழுந்து வெள்ள வெளேர்னு ஷீட்டு வரும். அந்த வரி அழகுக்கு இல்ல கேட்டியளா, சீக்கிரம் உலரதுக்கு. அப்புறம் வெயில்ல போட்டு, புகைல போடணும். எங்களுக்கு தனியா புகைப்புரை எல்லாம் கிடையாது, அடுக்களைல அடுப்புக்கு மேல கம்பு கட்டி தொங்க விடுவோம், அந்த புகைலதான் எங்களுக்கு மீன்கறியும் மரச்சீனி கிழங்கும் வெந்தது, ரெண்டுக்கும் ஒரே மணம்.

பாட்டா, அதான் தாத்தா, இஞ்ச நின்னு இந்த கைப்பிடிய சுத்துவாரு, அப்பா அந்த பக்கம் கட்டிய வச்சு தள்ளுவாரு, நான் இந்தா இந்த கல்லுமேல குத்தவச்சு, வாற ஷீட்ட தரைல மண்ணு படாம பிடிக்கணும். ஏழு வயசுல எனக்க வேலை இதுதான், பள்ளிக்கூடம் போவதுக்கு முன்ன. பிடிச்சு இழுக்கப்பிடாது, இழுத்தா ஒருபக்கம் மெலிஞ்சு போவும், கடைக்காரர் தூக்கி பாத்து கிரேடு குறைச்சிடுவாரு, ஆர்.எஸ்.எஸ். 4, அது புகை போட்ட ஷீட்டுக்க ஒரு கிரேடு, அது கிடைக்க வேண்டியது போச்சுன்னு பாட்டா அன்னைக்கு முழுக்க மொணங்குவாரு. இந்தா இந்த ஆணி தெரியுதா, இதுலதான் ரேடியோ தொங்கும், நாகர்கோவில் 101 எஃப்எம், அது 1984ல தொடங்கின ஸ்டேஷன், எங்க வீட்டுல அது ஓடாத காலைய நான் பாத்ததே இல்ல. செய்தி முடியதுக்குள்ள பத்து ஷீட்டு விழணும், இல்லன்னா பஸ்ஸ விட்டுருவேன்.

மழைக்காலத்துல வெட்டு கிடையாது, மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாட கட்டுனாதான் உண்டு. ஆனா வெயில் அடிக்கும்போ ரப்பர் காய் வெடிக்கும் பாருங்க, டப்பு டப்புன்னு, அந்த கொட்டைய பொறுக்கி கல்லுல தேச்சு தேச்சு சூடாக்கி பக்கத்துல இருக்கவன் தொடைல வைக்கது எங்க ஊரு பிள்ளையளுக்கு தேசிய விளையாட்டு. எனக்கு இன்னும் தழும்பு இருக்கு, காட்ட மாட்டேன். அப்புறம் ஒட்டுபால் பந்து! வெட்டுன பட்டைல காஞ்சு ஒட்டி இருக்கத நாடா மாதிரி உரிச்சு உரிச்சு சுத்துனா பந்து, கிரிக்கெட்டுக்கு பவுன்சு தாங்காது, ஓட்டுக்கு மேல போயிரும், ஓடு உடைஞ்சா அடி. அதுவும் காசுக்கு விக்கதுதான், பாட்டா எண்ணி பாப்பாரு.

இப்ப ஒரு விஷயம் சொல்லுகேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. நாகர்கோவில்ல காலேஜ் படிக்கும்போ பஸ்ல எனக்க பக்கத்துல இருந்தவன் மூக்க சுளிச்சுட்டு, "யாருல செருப்புல என்னத்தையோ மிதிச்சுட்டு வந்தது"ன்னு கேட்டான். செருப்பு ஒண்ணும் இல்ல, அது எனக்க சட்டை. நானும் அவன்கூட சேந்து குனிஞ்சு எனக்க செருப்ப பாத்தேன் மக்களே, யாருன்னு தெரியலயேன்னு சொன்னேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அம்மைகிட்ட சண்ட, எனக்க துணிய அடுக்களைல போடாதன்னு. அம்மை ஒண்ணும் சொல்லல, மறுநாள்ல இருந்து எனக்க துணி மட்டும் முன்னறைல கிடக்கும். மூணு வருஷம். வேலைக்கு சென்னை போனபிறகு ஒருநாளு ஒரகடம் ரோட்டுல ஷீட்டு ஏத்துன லாரி ஒண்ணு முன்னால போச்சு, நான் ஏசிய ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய இறக்கிட்டு அந்த லாரிய ஓவர்டேக் பண்ணாமலே போனேன். கூட இருந்தவன் கைக்குட்டைய மூக்குல வச்சிட்டான்.

மிஷின் நின்னது 2017ல. ஓகி புயல், நவம்பர் 30. எங்க ஊரு ஆளுகளுக்கு அதுக்குமேல சொல்ல வேண்டாம். ராத்திரி விடிஞ்சு பாத்தா எங்க தோட்டத்துல பாதிக்குமேல மரம் படுத்து கிடக்கு, கடலுக்கு போன ஆளுக வராத வீட்ட நினைச்சா மரத்த பத்தி அழவும் மனசு வராது, அப்பா வெட்டோத்திய எடுத்துட்டு போயி வழிய வெட்டுனாரு, அவ்வளவுதான். மறுவருஷம் புதுசா கன்னு வச்சோம், ரப்பர் பால் தர ஏழு வருஷம் ஆவும், இப்பதான் வெட்டு தொடங்கிருக்கு. ஆனா சுத்த ஆளில்ல, பாட்டாவும் இல்ல. பால் வெட்டுகாரர் பாதிக்கு பாதிக்கு வெட்டுகாரு, சிரட்டைலயே உறைய விட்டு ஒட்டுபாலா சாக்குல கட்டி கொடுத்துருகாவ. அப்ப மிஷின் எதுக்கு, அப்பா சொல்லது நியாயம்தான்.

இருந்தாலும் பாருங்க, இந்த கைப்பிடி, க்ளோஸ்ல காட்டுகேன், நடுவுல மெலிஞ்சு கிடக்கு. இரும்புதான் இது. கையி தேச்சு தேச்சு இப்படி ஆயிருக்கு. நான் அப்பாட்ட இத மட்டும் கழத்தி வச்சிருவோமான்னு கேட்டேன், "கைப்பிடி இல்லாம எவன் வாங்குவான், சும்மா இருல"ன்னுட்டாரு. சொல்லிட்டு அவரே ஒரு ஸ்பேனரு தேடிட்டு கிடக்காரு அந்த மூலைல, எதுக்குன்னு நான் கேக்கல.

இந்தா வண்டி சத்தம், ஆக்கர்காரர் வந்துட்டாரு போல. நாலு பேரு பிடிச்சாதான் நகருமாம், இஞ்ச இருக்கது அப்பாவும் நானும் அவரும்தான், பக்கத்து வீட்டு மாமாவ கூப்பிடணும். போன இப்படி சன்னல்ல வைக்கேன், விழுந்தா விழட்டும். மாமா! மாமோ, செத்த இங்கோட்டு வாருங்க!